தடைக்காலத்துத் தன்னார்வலர்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் பருவமென அரசு விதித்துள்ள தடை அது. காசிமேட்டில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும் அந்நாள்களில் பெரும்பகுதி பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை. இவ்விரு ஓய்வும் ஒருங்கே வாய்த்தது எங்கள் பிள்ளைகள் பயிலும் இராயபுரத்துப் பள்ளிக்கு நன்மையாயிற்று.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு தொழிலுக்குச் சென்றுவிட்ட குடும்பங்கள் எங்கள் தெருக்களில் பல. பாடம் கைப்பேசியில், கைப்பேசியோ கடலில். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது உண்மைதான். ஆனால் புரியாத பிள்ளை அதனிடம் கேள்வி கேட்க இயலாதே! திரை வேண்டும், அது வகுப்பறைக்குள் ஆசிரியையின் கைக்கெட்டும் தொலைவில் வேண்டும் என்ற எண்ணம் எங்களிடையே வேரூன்றியது அப்போதுதான். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறி அச்சிடப்பட்டுள்ளது. அதைத் திறந்து காட்டக் கருவியில்லாத வகுப்பில் அது வெறும் கறுப்புச் சதுரமே.

புரொஜெக்டரும் கணினிகளும் தர முன்னாள் மாணவியர் முன்வந்தனர். அவற்றைப் பொருத்துவது யார், பேணுவது யார்? கூட்டத்தில் அலுவலகப் பணியிலிருக்கும் பெற்றோரே மிகுதியாகப் பேசினோம். பிள்ளையின் மதிப்பெண் குறைந்தால் மட்டும் பள்ளிக்கு வந்து பழகிய மீனவத் தந்தையர் சிலர் பின்சுவரோரம் நின்றிருந்தனர். அவர்களுள் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சிஸ்டர், இந்த உப்புக் காத்துல செம்பு பச்சை பூத்துடும். முனைக்கெல்லாம் கிரீஸ் வச்சு மூடணும். போட்ல நாங்க அப்படித்தான் செய்யறோம்.”

விசைப்படகில் ஜி.பி.எஸ்., வயர்லெஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் ஆகியவற்றை அலைக்கும் உப்புக்கும் நடுவே இயங்கவைப்பவர்கள் அவர்கள். நவீனத் தொழில்நுட்பத்தைப் பள்ளிக்குள் அழைத்துவர நாங்கள் வெளியே ஆள் தேடிக்கொண்டிருக்க, அதை அறிந்தவர்கள் பின்சுவரோரம் நின்றிருந்தார்கள்! இராயப்பர் பெயரால் வழங்கும் ஊரல்லவா இது? இங்குள்ள அவருடைய ஆலயமும் படகுத் தொழிலாளர் சமூகம் எழுப்பியதே.

மே மாதம் முழுவதும் வேலை நடந்தது. கடலை நோக்கிய சன்னலுக்கு எதிரே கருவியை வைக்கலாகாது என்றனர். வேறு சுவர் தேர்ந்தோம். படகில் ஓடுவது 12 அல்லது 24 வோல்ட், சுவரில் 230. ஆகவே உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பின்னரே மின்சாரம் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தவர்களும் அத்தந்தையரே. உறை தைத்தவர்கள் தாய்மார். சனிக்கிழமைதோறும் முறைவைத்து வடிகட்டியின் தூசியைத் துடைத்து, ஒரு குறிப்பேட்டில் ஒப்பமிடுபவர்களும் அவர்களே. இந்தக் குறிப்பேட்டையே நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

1996 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ‘நெட் டே’ என்ற பெயரில், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பள்ளிகளில் இணையக் கம்பி இழுத்தனர். அதிபர் கிளிண்டனும் துணை அதிபர் அல் கோரும்கூடக் கன்கார்டு நகரப் பள்ளியொன்றில் கம்பி பிடித்தனர். போற்றத்தக்கதே. ஆயினும் கம்பி இழுப்பது ஒருநாள் வேலை. பழுது பார்ப்பதும் ஆசிரியரைப் பழக்குவதும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியவை. அவற்றைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் அக்குழுவுக்கு ஆலோசனை கூறும் பணி மட்டுமே என 2012-இல் திருத்தம் வந்தது. திருப்புளி பிடிப்பதை அத்திருத்தம் தடுக்கவில்லை! எனினும் எங்களுக்கு ஓர் அச்சம் உண்டு. பெற்றோரே செய்துகொள்வர் என்று, செய்யக் கடமைப்பட்டோர் கைகட்டி நின்றுவிடலாகாது. படகு மின்பணி அறிந்த தந்தையர் எல்லா ஊரிலும் வாய்ப்பார்களா?

ஜூனில் பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியை ஒலி பற்றிய பாடத்தை முன்கூட்டியே எடுத்தார். எக்கோ சவுண்டர் பற்றிக் கூற, பின்சுவரோரம் நின்ற அதே தந்தையை அழைத்தார். ஒலி கீழிறங்கித் தரையில் பட்டு மீள்வதை அவர் கையசைத்து விளக்கினார். ஆழத்தைப் பாகக் கணக்கில் சொன்னார். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர் என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். மணியடித்த பின்னும் பிள்ளைகள் அவரை விடவில்லை.