ஒரு தாவலுக்குரிய சலுகை

பழையசீவரத்தை அடுத்துப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி அங்கே காண்பது மணல்தான். மணல் அள்ளியவர்கள் விட்டுச்சென்ற பள்ளங்களுந்தாம். அவ்வூரிலிருந்து நம்மிடம் ஓத வரும் மாணவன் ஒருவன் அந்தப் படுகையையும் குன்றையும் பனைகளையும் சின்னஞ்சிறு வண்ணக் கட்டங்களாக்கிக் கணினித் திரையில் ஏற்றிவிட்டான். திரையில் ஒரு சிறுவன் ஓடுகிறான். பள்ளம் வந்தால் தாவ வேண்டும். தவறினால் மீண்டும் தொடக்கம். இவ்வகை ஆட்டத்தைப் 'பிளாட்பார்மர்' என்கிறார்கள். 1985-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு.

வளைகுடாவில் பணிபுரியும் அவன் தகப்பனார் தொலைபேசியில் நம்மை அழைத்தார். "ஹஜ்ரத், பரீட்சை வருகிறது. அந்தப் பெட்டியை வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பெட்டி என்றது, அவன் தமக்கைக்குப் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை. ஒரு வார அவகாசம் கேட்டோம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் மைஸிர் என்பதில் நமக்கு ஐயமில்லை. தொழுகையை மறக்கடிக்கும் விளையாட்டும் வீணே. ஆயினும் ஆட்டத்தை ஆடுவதும் ஆட்டத்தைச் செய்வதும் ஒன்றுதானா என்று பாராமல் தீர்ப்புச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

அருகமர்ந்து பார்த்தோம். மாரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியதாம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அதைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும். இடம் போதாமையால் வானத்து மேகத்தையும் தரையின் புதரையும் ஒரே உருவாக வரைந்து, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். மாணவன் இதைச் சொன்னபோது, பா, தா, ஸா என்னும் மூன்றெழுத்துக்கும் ஒரே உடலைக் கொடுத்துப் புள்ளியால் மட்டும் பிரித்த அரபிகளை நினைத்துக்கொண்டோம்.

ஆட்டத்தை அவன் முதலில் காட்டியது மதரஸாப் பிள்ளைகளுக்கு. மூன்றாம் பள்ளத்தில் எல்லோரும் விழுந்தார்கள். "இவர்களுக்கு ஆடத் தெரியவில்லை, ஹஜ்ரத்" என்று முகம் சுளித்தான். நூறு முறை தாவிப் பழகியவனுக்கு அது எளிதுதானே! வாய் திறவாமல் அவர்கள் விரல்களை மட்டும் பார் என்றோம். வகுப்பு முழுவதும் ஒரே இடத்தில் தடுமாறினால் பாடத்தைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். இது ஆசிரியர்கள் அறிந்த சங்கதி.

பார்த்தபின் அவனே கண்டுகொண்டான். விளிம்பைக் கடந்த மறுகணம் பிள்ளைகள் பொத்தானை அழுத்துகிறார்கள். அவர்கள் கண்ணுக்குக் கால் இன்னும் தரையில். கணினியோ தரை முடிந்தது என்கிறது. கைதேர்ந்தவர்கள் இதற்கு முன்பே வழி கண்டிருக்கிறார்கள். 2018-இல் வெளிவந்த 'செலெஸ்ட்' என்னும் ஆட்டம், விளிம்பு கடந்த பின்னும் வினாடியில் பத்திலொரு பங்கு நேரம் தாவலை ஏற்றுக்கொள்கிறது. ஆடுபவருக்கு இது தெரிவதே இல்லை. ஃபிக்ஹு நூல்களில் 'ருக்ஸத்' என்று ஓதுகிறோம், பிரயாணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் தரும் சலுகை. அச்சொல்லை அவனுக்குச் சொன்னோம். அன்றிரவே தன் நிரலில் அச்சலுகையைச் சேர்த்தான். மறுநாள் பாதிப்பேர் தாண்டினார்கள்.

டைசுகே அமாயா என்ற ஜப்பானியர் தனியொருவராய் ஐந்தாண்டு உழைத்து, 2004-இல் 'கேவ் ஸ்டோரி' என்னும் ஆட்டத்தை விலையின்றி உலகுக்குக் கொடுத்தார். நம் மாணவனும் தன் ஆட்டத்தை இணையத்தில் விலையின்றியே வைத்தான். முன்பின் அறியாத ஒருவர், ஏணி ஏறும் இடத்தில் ஆட்டம் உறைந்து நிற்பதாக எழுதியிருந்தார். பாராட்டி எழுதியவர்களைவிட இவருக்கே முதலில் நன்றி எழுதினான்.

தகப்பனாரிடம் இவ்வளவும் சொன்னோம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை ஆட்டமாக்கிய 'வெண்பா', 2024-இல் பாஃப்டாவின் முதற்படைப்பு விருது பெற்றதையும் சொன்னோம். "விருது சோறு போடுமா, ஹஜ்ரத்?" என்றார். குடும்பத்துக்காகக் கடல் கடந்து உழைப்பவர் அதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? பரீட்சை முடியும்வரை இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டார், அரை மனத்தோடு.

இப்போது அவன், முகப்பில் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்கிறான். எழுத்தொன்றுக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம். ஆங்கில எழுத்துக்கு அது போதும். செங்கல் அடுக்கினாற்போன்ற சதுரக் கூஃபி எழுத்தும் அதில் அடங்கிவிடும். அலிஃபின் உயரத்தை நுக்தாவால் எண்ணி எழுதிப் பழகிய கையோடு, கட்டத்தாளில் நாமும் உடன் அமர்ந்தோம். ப, ய, ர, ம் அமைந்துவிட்டன. 'ழை' மட்டும் அகலத்தில் பதினாறு கேட்கிறது.