பக்கத்தில் நிற்கிற ஆள்

சிரிப்புப் படத்துக்குச் சத்தம் வைப்பது தனி வேலை. சண்டைப் படம் என்றால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஒரு அளவில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்துவிடலாம். சிரிப்புப் படத்தில் அது நடக்காது. ஒரு வசனத்துக்கு அரங்கம் சிரித்தால் அடுத்த வசனம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போகும். பெரும்பாலும் அந்த இரண்டாவது வசனம்தான் நல்ல வசனமாக இருக்கும். அதனால் புதுப்படத்தின் முதல் காட்சியில் ஆபரேட்டர் அறையில் நின்று, சிரிப்பு எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பேன். மதியக் காட்சியில் அந்த இடங்கள் வரும்போது சத்தத்தை அரைப் புள்ளி ஏற்றி வைப்பேன். பெட்டியில் பிலிம் வந்த காலத்தில் சுருளையே வெட்டுவார்கள். ஜனங்கள் எழுந்து போகிற பாட்டு இரண்டாம் நாள் படத்தில் இருக்காது. இப்போது கே.டி.எம். சாவி வந்தால்தான் படமே திறக்கும், ஒரு பிரேமைக்கூடத் தொட முடியாது. எங்கள் கையில் மிச்சம் இருப்பது ஃபேடரும், இடைவேளை விளக்கும், காட்சி நேரமும்தான்.

சுரண்டையில் இருக்கும் எங்கள் தியேட்டருக்குப் படம் பார்க்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் காலையிலேயே காய்கறி வேலையை முடித்துவிடும் ஆட்கள், காமராஜர் கல்லூரிப் பையன்கள், சேர்ந்தமரம், சாம்பவர்வடகரை, வீரகேரளம்புதூர் பக்கமிருந்து பைக்கில் வரும் கூட்டம். முதல் நாள் வசூல் இவர்களால் வருவது. படம் இரண்டாவது வாரம் நிற்குமா என்று முடிவு செய்வது பீடி சுற்றும் வீடுகள். கையில் வாரச் சம்பளம் வந்ததும் நாலைந்து பெண்கள் சேர்ந்து, பிள்ளைகளோடு மாலைக் காட்சிக்கு வருவார்கள். ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸைக் கணக்குப் பண்ணித்தான் கிளம்புவார்கள் என்பதால், மாலைக் காட்சியைத் தாமதமாகத் தொடங்க விடமாட்டேன். டிக்கெட் கவுன்டரில் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “தம்பி, பிள்ளையளக் கூட்டிட்டு வரலாமா?” சனிக்கிழமை மத்தியானம் வரை அந்தக் கேள்வி எவ்வளவு வருகிறது என்று பார்த்தே ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். முதல் வாரத்தில் வசூலின் பெரிய பங்கு விநியோகஸ்தருக்குப் போகிறது. வாரம் ஏற ஏறத்தான் தியேட்டர் பங்கு கூடும். ஆகவே எங்களைப் போன்ற ஊர்களில் தியேட்டரைக் காப்பாற்றுவது இந்தப் பெண்கள்தான். சிரிப்புப் படங்கள் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை இருப்பதற்கும் அதுதான் காரணம்.

2022 டிசம்பர் 9ஆம் தேதி ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ வந்தது. 2006இல் சுராஜ் எடுத்த ‘தலைநகரம்’ படத்தில் வடிவேலு போட்ட நாய் சேகர் வேஷம், பதினாறு வருஷம் கழித்து அதே இயக்குநரோடு தனிப் படமாகத் திரும்பியது. இடையில் ‘24ம் புலிகேசி’ படத் தயாரிப்புத் தகராறில் சிக்கி அவர் நடிக்க முடியாமல் இருந்து, 2021 ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. அதற்குள் ‘நாய் சேகர்’ என்ற தலைப்பு சதீஷ் நடித்த இன்னொரு படத்துக்குப் போய்விட, வடிவேலு படத்தின் தலைப்பில் ‘ரிட்டர்ன்ஸ்’ சேர்ந்தது. துணைப் பாத்திரம் ஒன்றின் பெயருக்கு இரண்டு படங்கள் ஆசைப்பட்டன என்றால், அந்தப் பெயருக்கு ஜனங்களிடம் இருந்த மதிப்பு எப்பேர்ப்பட்டது!

முதல் காட்சிக்கே பெண்கள் வந்திருந்தார்கள். எங்கள் ஊரில் அது அபூர்வம். அவர் திரையில் வந்ததும் எழுந்த சத்தத்தில் பின்னணி இசையே கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் சிரிப்பைவிட அன்புதான் அதிகம். இத்தனை காலம் கழித்துத் திரும்பி வந்தவரை ஊரே வாசலில் நின்று வரவேற்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அரங்கம் காத்திருக்க ஆரம்பித்தது. ஒரு வசனம் முடியும், இதோ வரப்போகிறது என்று எல்லோரும் முன்னால் சாய்வார்கள், வராது. பின்வரிசைப் பையன்கள் அவருடைய பழைய படத்து வசனங்களைத் தாங்களே எடுத்துவிட, பக்கத்தில் இருந்தவர்கள் அதற்குச் சிரித்தார்கள். திரையில் நன்றாகச் சிரிப்பு விழுந்தது ஆனந்தராஜ் வந்த காட்சிகளில். அவருக்காக ஃபேடரைத் தொட்டேன். வடிவேலுவுக்காகத் தொட வேண்டிய இடம் மிகக் குறைவாகவே இருந்தது.

அன்று இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. புயல்தான் படத்தைக் கெடுத்தது என்று அப்போது பேசினார்கள். வடக்கே அது உண்மையாக இருக்கலாம். எங்கள் தியேட்டரில் ஒரு காட்சியும் நிற்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை மாலைக் காட்சியில் பெண்கள் பக்கம் காலி நாற்காலிகள் தெரிந்தன. “பிள்ளையளக் கூட்டிட்டு வரலாமா?” என்று யாரும் கேட்கவில்லை. படம் எப்படி என்ற செய்தி வெள்ளிக்கிழமை இரவே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டுக்குள் மத்தியானம் போய்ப் பாருங்கள். தட்டை மடியில் வைத்து, கண்ணை இலையிலும் கத்திரியிலும் வைத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூலையில் ஆதித்யாவோ சிரிப்பொலியோ, ஏதாவது ஒரு நகைச்சுவைச் சேனல் ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் திரையை நிமிர்ந்து பார்ப்பது குறைவு. வடிவேலுவைக் காதால் மட்டுமே கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் அவர் குரல் உடையும், எந்த இடத்தில் மூச்சை இழுத்து அழுகைக்குப் போவார் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் குரலை அவர்கள் அளவுக்கு அறிந்த விமர்சகர் யாரும் இருக்க முடியாது என்பது என் எண்ணம். அப்படிப்பட்ட ரசிகைகளிடம், நாள் முழுக்க வீட்டில் இலவசமாகக் கிடைப்பதையே திரும்பக் கொடுத்துக் காசு கேட்க முடியாது. திரும்பி வரும் சிரிப்பு நடிகருக்குப் போட்டி தன்னுடைய இளவயது முகம்தான். அந்த முகம் ஒருநாளும் சோர்வதில்லை.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. ‘தலைநகர’த்தில் நாய் சேகர் ஏன் சிரிப்பாக இருந்தான்? பக்கத்தில் நிஜ ரவுடி ஒருவன் இருந்தான். சுந்தர்.சி. நடித்த ரைட் வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டான், முகத்தில் சிரிப்பும் இருக்காது. அவன் நின்ற இடத்தில் இவனுடைய மிடுக்கு பொய்யாகத் தெரிந்தது. இவன் பயமும் அவமானமும் உண்மையாகத் தெரிந்தன. சிரிப்பு அந்த இடைவெளியில் பிறந்தது. 2022 படத்தில் நாய் சேகரைச் சுற்றி இருந்த கூட்டமும் கோமாளிக் கூட்டம். அவன் யாரைப் பார்த்துப் பயப்படுவது? பெயரும் உடையும் நடையும் திரும்பி வந்தன, பக்கத்தில் நின்ற ஆள் வரவில்லை.

வடிவேலு கதாநாயகனாக நடித்தால் படம் ஓடாது என்று இதை வைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. 2006 ஜூலையில் வந்த ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’யில் அவர்தானே நாயகன்! சிம்புதேவன் அதில் செய்த வேலையைப் பாருங்கள். கோழை அரசனுக்கு எதிரே நிறுத்த நேர்மையான, நெஞ்சை நிமிர்த்திய ஓர் ஆள் வேண்டும். அந்த இரட்டைச் சகோதரன் உக்கிரபுத்தனையும் வடிவேலுவுக்கே கொடுத்தார். பக்கத்தில் நிற்கிற ஆளும் அவரே. 2025 ஏப்ரல் 24இல் ‘கேங்கர்ஸ்’ வந்தபோது சுந்தர்.சி. மறுபடியும் அவர் பக்கத்தில் நின்றார். அதே முகம், அதே குறைந்த பேச்சு. பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் வெகுநாளுக்குப் பிறகு வடிவேலுவுக்காக ஃபேடரை ஏற்றினேன், மனசுக்கு நிறைவாக இருந்தது. இடையில் 2023இல் ‘மாமன்னன்’ ஓடியபோது அதே பெண்கள் அவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களுக்கு அவர்மேல் இருந்த பிரியம் எங்கேயும் போய்விடவில்லை.

இன்னொரு சிரிப்பு நடிகரான சந்தானத்தின் கதை வேறு திசையில் போனது. ராம்பாலா எடுத்த ‘தில்லுக்கு துட்டு’ 2016 ஜூலையில் வந்தது, இரண்டாம் பாகம் 2019 பிப்ரவரியில். பிறகு இயக்குநர் மாறி, எஸ். பிரேம் ஆனந்த் கையில் ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ என்று 2023 ஜூலை 28இல் புதிதாகத் தொடங்கியது. பழைய கதையின் தொடர்ச்சி இல்லை. மிச்சம் இருந்தது சந்தானம், மொட்டை ராஜேந்திரன், ஒரு பேய் பங்களா, அவ்வளவுதான். ஆடி மாதம், சாரல் காலம். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மதியக் காட்சி காய்ந்துவிடும், ஜனங்கள் குடும்பத்தோடு அருவிக்குப் போய்விடுவார்கள். அந்தப் படத்துக்கு இருந்த முன்பதிவைப் பார்த்து யாரும் பெரிதாக நம்பவில்லை. சந்தானத்துக்கு அதற்கு முந்தைய படங்கள் சரியாகப் போகவில்லை.

முதல் பாதி சாதாரணமாகவே போனது. பேய் பங்களாவுக்குள் விளையாட்டு தொடங்கியதும் அரங்கம் மாறிவிட்டது. பேய் ஆட்டத்தின் விதியைச் சொல்லும், தோற்றால் உயிர் போகும். விதி இன்னதென்று தெரிந்துவிட்டதால், யார் மாட்டப்போகிறான் என்று ஒரு வினாடி முன்னாலேயே அரங்கத்துக்குத் தெரியும். அந்த ஒரு வினாடியில் சிரிப்பு கூடி நிற்கும். ஒரு சின்னப் பையன் நாற்காலி மேல் ஏறி நின்று, பக்கத்தில் இருந்த ஆச்சிக்கு விதியை உரக்க விளக்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனை அதட்டவில்லை, பின்னால் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டார்கள். நகைச்சுவையைச் சந்தானம் தானே எடுத்துக்கொள்ளாமல் ராஜேந்திரனுக்கும் மாறனுக்கும் ரெடின் கிங்ஸ்லிக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தார். பலர் சேர்ந்து பயந்தார்கள், பேய் சிரிக்கவில்லை. ‘தலைநகர’த்தில் ரைட் செய்த வேலையை இங்கே பேய் செய்தது. சனிக்கிழமை போன் நிற்கவில்லை. ஆகஸ்ட் 10இல் ‘ஜெயிலர்’ வரும்வரை எங்கள் ஊரில் அதுதான் ஓடியது.

பழைய சிரிப்புப் படத்தைத் திரும்பத் தொடங்கிச் சறுக்கிய கதை வெளிநாட்டிலும் உண்டு. 1984இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தை 2016இல் புதிய நடிகைகளை வைத்துத் திரும்பத் தொடங்கினார்கள். செலவு 14 கோடி டாலருக்கு மேல், உலகம் முழுக்க வசூல் ஏறத்தாழ 23 கோடி டாலர். விளம்பரச் செலவும் தியேட்டர் பங்கும் போனால் அது நஷ்டம். 2021இல் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டுப் பழைய கதையிலிருந்தே தொடர்ந்தார்கள். 2016 படம் வரும் முன்பே அதன் டிரெய்லரைப் பார்த்துச் சண்டை போட்டார்கள் என்கிறார்கள். சண்டை போட்டவர்கள் எத்தனை பேர் டிக்கெட் எடுப்பவர்கள் என்பதுதான் தியேட்டர்காரனுக்குத் தெரிய வேண்டிய கணக்கு.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த படம், திரும்பத் தொடங்கிய படமே அல்ல. 2013 பொங்கலுக்கு வர வேண்டிய ‘மத கஜ ராஜா’, 2025 ஜனவரி 12இல் வந்தது. ‘விடாமுயற்சி’ தள்ளிப்போனதால் பொங்கலில் இடம் கிடைத்தது. பன்னிரண்டு வருஷப் பழைய படம் என்று எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். அதில் இருந்தது, நாயகனுக்குப் பக்கத்தில் நின்ற பழைய சந்தானம். விஷால் அடிப்பார், சந்தானம் பயப்படுவார். அந்தக் காலத்து ஏற்பாடு அப்படியே பெட்டியில் பத்திரமாக இருந்தது. மனோபாலாவின் உடலைத் தூக்கிக்கொண்டு அலையும் காட்சியில் நான் சத்தத்தை ஏற்றியும் பயனில்லை, வசனம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மனோபாலா 2023 மே மாதம் காலமாகிவிட்டார் என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள், அதில் அவருக்கு மரியாதைதான் இருந்தது. வடிவேலுவோ சந்தானமோ திரும்பி வர வேண்டும் என்று ஜனங்கள் கேட்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. ஆளைப் போலவே அந்த ஏற்பாட்டையும் அவர்கள் கேட்கிறார்கள்.

2025 மே 16இல் சந்தானத்தின் ‘டிடி நெக்ஸ்ட் லெவல்’ வந்தது. படத்துக்கு விமர்சனம் செய்கிறவன் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் கதை. செல்வராகவன், கௌதம் மேனன் எல்லாம் இருந்தார்கள். கல்லூரிப் பையன்கள் முதல் நாள் ரசித்தார்கள், ஓப்பனிங் நன்றாகவே இருந்தது. மாலைக் காட்சிக்கு வந்த பெண்களுக்கு யூடியூப் விமர்சகரைக் கேலி செய்வதில் என்ன சுவாரசியம் இருக்க முடியும்? அவர்கள் விமர்சனம் பார்த்துப் படத்துக்கு வருகிறவர்கள் அல்ல. அதே நாளில் சூரியின் ‘மாமன்’ வந்தது. தாய்மாமன் கதை, காதுகுத்து வீடு. எங்கள் ஊருக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. திங்கட்கிழமை டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் கணக்கை எழுதும்போது எந்தப் படத்துக்குக் காட்சி கூட்ட வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திருநெல்வேலி-கன்னியாகுமரி ஏரியாவுக்குப் படம் எடுத்து வரும் விநியோகஸ்தரின் ரெப், பழைய வெற்றிப் படத்தின் அடுத்த பாகம் என்றால் தொகையை ஏற்றித்தான் பேசுவார். “அண்ணாச்சி, பேருக்கே ஜனம் வரும்” என்பார். வரும், ஒரு நாள் வரும். நான் அவரிடம் டிரெய்லர் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்பதில்லை. படத்தில் சிரிப்பு நடிகரைச் சிரிக்காமல் பார்த்து நிற்கிற ஆள் யார், பிள்ளைகளுக்குக் கதை புரியுமா, இரண்டையும் கேட்பேன். பதில் திருப்தியாக இருந்தால் முழு அட்வான்ஸ் கொடுப்பேன். இல்லையென்றால் எம்.ஜி. என்கிற குறைந்தபட்ச உத்தரவாதத் தொகைப் பேச்சே வேண்டாம், வசூலில் பங்கு வைத்துக்கொள்வோம் என்பேன். ரெப் முதலில் சலித்துக்கொள்வார். பிறகு தயாரிப்பாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, கூட யார் நடிக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்வார்.