கார்கள் பறந்து வந்த ஊர்

நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், இரண்டு குழந்தைகள், பெட்டி படுக்கையோடு உங்கள் கார். இத்தனையையும் ஒரு விமானம் சுமந்துகொண்டு போய், சுமார் இருபது நிமிஷத்தில் கடலுக்கு அக்கரையில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? கதையல்ல, சகோதரிகளே! பிரான்ஸின் வடகரையில், கான்ஷ் நதி கடலில் கலக்கும் இடத்திலே, லெ தூக்கே என்று ஓர் ஊர். அங்கே இந்த அதிசயம் தினமும் நடந்தது.

அழகான கடற்கரை, பாரிஸ் செல்வந்தர்கள் வந்து தங்கும் இடம். கால்வாய்க்கு எதிர்க்கரையிலிருந்து ஆங்கிலேயர்களும் வருவார்கள். கோல்ஃப் ஆட வருவதாகச் சொல்லிக்கொள்வார்கள். சூதாட்ட விடுதியும் இருந்தது என்பதைச் சொல்லமாட்டார்கள்! இவர்களை நம்பித்தான் 1930-களில் ஊர் ஒரு விமான நிலையத்தைக் கட்டிக்கொண்டது. நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. உட்ஹவுஸ் அங்கேயே வீடு வாங்கிக் குடியிருந்தார். 1940-இல் ஜெர்மானியப் படை ஊரைப் பிடித்தது. பாவம், அவரையும் கைது செய்து கொண்டுபோனார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு சில்வர் சிட்டி என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த நாளில் கப்பலில் கார் ஏற்றுவது பெரும்பாடு. பல துறைமுகங்களில் பாரந்தூக்கியில் கட்டி அந்தரத்தில் தூக்குவார்கள். கீழே நிற்கும் சொந்தக்காரருக்கு உயிர் போய் உயிர் வரும். கம்பெனியிடமோ பிரிஸ்டல் என்ற குண்டு விமானம் இருந்தது. அதன் மூக்கு இரட்டைக் கதவாகத் திறக்கும். சாய்பலகை வழியாகக் காரை நேரே உள்ளே ஓட்டிவிடலாம். நமக்கும் இந்தக் கம்பெனி அந்நியமல்ல. 1947-இல் தேசப் பிரிவினையின்போது அகதிகளை ஏற்றிச் சென்ற விமானங்களில் இதனுடையவையும் உண்டு.

மறு வருஷம், 1948 ஜூலை 14. இங்கிலாந்தின் லிம்ப்னே நிலையத்திலிருந்து முதல் கார் லெ தூக்கேக்குப் பறந்தது. யாருடைய கார் தெரியுமா? கம்பெனியின் நிர்வாக டைரக்டர் பவலுடையதேதான்! பிறர் காரைக் கேட்குமுன் தம் காரை ஏற்றினாரே, அது நியாயம்.

முதலில் ஒரு நடைக்கு இரண்டு கார். 1953-இல் வந்த நீண்ட மூக்கு விமானத்தில் மூன்று. மறு வருஷம் கம்பெனி எதிர்க்கரையில் லிட் என்ற இடத்தில் தனக்கென்றே ஒரு விமான நிலையம் கட்டியது. கோடை விடுமுறையில் விமானம் இறங்குவதும், மூக்கைத் திறப்பதும், வேறு கார்களை ஏற்றிக்கொண்டு உடனே திரும்புவதுமாக ஒரே அமர்க்களம். சின்னஞ்சிறு லெ தூக்கே, பிரான்ஸிலேயே மிகவும் சந்தடி மிகுந்த விமான நிலையங்களில் ஒன்றாகிவிட்டது.

ஆனால் கப்பல்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1953-இலேயே டோவர் துறைமுகத்தில் காரை நேரே ஓட்டி ஏற்றும் வசதி வந்துவிட்டது. 1968-இல் பக்கத்து ஊரான பூலோனுக்கே ஹோவர்கிராஃப்ட் வந்தது. காற்று மெத்தையில் மிதந்தபடி ஒரே நடையில் சுமார் 30 கார்களைக் கொண்டுபோயிற்று. மூன்று கார் எங்கே, முப்பது எங்கே! குடும்பக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1970-களில் கார் விமானங்களின் காலம் முடிந்தது. 1994-இல் கடலுக்கு அடியிலேயே சுரங்க ரயில் ஓடத் தொடங்கிற்று.

பிழைப்பு போனதும் ஓடுபாதையில் புல் முளைத்திருக்க வேண்டும். முளைக்கவில்லை. பெரிய கம்பெனிகள் போன பிறகும் சிறிய சொந்த விமானக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் விமானங்கள். இங்கிலாந்தில் காலையில் புறப்பட்டு, லெ தூக்கேயில் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. 2022-இல் எலிசபெத் ராணி காலமானதும், நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்ட ஊரார் அனுமதி கேட்டார்கள். மறு வருஷம் மன்னர் சார்லஸ் சம்மதித்தார். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேய ராணியின் பெயர்! பழைய வாடிக்கைக்காரர்களை ஊர் இன்னும் மறக்கவில்லை போலும்.