ஆறெழுத்துச் சொல்

நெகிரி செம்பிலானில், சிரம்பானை அடுத்த லாபுவில், ஒரு தோட்டத்து அலுவலகத்திற் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி யான். ஆங்கில வழியிற் பயின்றவன் என்பதனால், லயத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் ஐயம் நேருங்காலெல்லாம் என்னிடமே ஓடி வருவர். அதில் எனக்கொரு பெருமையும் உண்டு. அப்பெருமைக்கு ஆறே எழுத்துக்களால் விழுந்த அடியைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

எழுத்தெண்ணிச் சொல் தேடும் விளையாட்டு இந்நாளில் எங்கும் மலிந்து கிடக்கிறது. 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், ஆர்தர் வின் என்பார் நியூயார்க் பத்திரிகையொன்றில் வெளியிட்ட கட்டப்புதிரே இன்றைய குறுக்கெழுத்துப் போட்டிக்குத் தாய். 2021இல் ஜோஷ் வார்டில் என்பார் 'வேர்டில்' என்னும் ஐந்தெழுத்து விளையாட்டை உலகுக்கு அளித்தார். மறு ஆண்டே அதனை நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கிற்று. எங்கள் அலுவலகத்து இளைஞரும் காலைத் தேநீர் ஆறுமட்டும் கைபேசியில் அதனைக் குடைந்துகொண்டிருப்பர்.

நிற்க. ஒரு நாள் மாலை, செம்பனங்காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மையாரின் மகள், பள்ளியிற் கொடுத்த புதிர்த்தாளொன்றைக் கொண்டுவந்தாள். ஆறெழுத்துச் சொல், முதலில் 'சி', அடுத்து 'ஓ, ஓ', கடையில் 'ஐ, ஈ'. நான்காம் எழுத்தை நிரப்புதல் வேண்டும்.

"'கே' போடு, அம்மா. குக்கி, பிஸ்கோத்து" என்றேன்.

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். முன்னரே 'எல்' என்று எழுதியிருந்தாள்.

"இதுவும் பொருந்துகிறதே, கிராணி ஐயா? அந்தக் கண்ணாடி அலமாரியிலுள்ள பழைய பேரேட்டின்மேல் இச்சொல்லைப் பார்த்திருக்கிறேன். இதற்கு என்ன பொருள்?"

"அது நமக்கு வேண்டாத சொல். அழித்துவிடு" என்றேன். குழந்தை அழித்துவிட்டது.

வாயிற்படியருகே நின்ற தாயார், "கூலி என்றுதானே ஐயா போட்டிருக்கும்? எங்கள் பாட்டனார் பெயர் அந்தப் பேரேட்டில் இருக்கிறதென்று சொல்லுவார்கள்" என்று இயல்பாகச் சொன்னார். அவர் குரலில் நாணமில்லை. நாணமெல்லாம் என்னிடத்திலேயே இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் பாட்டனாரும் அவ்வாறு பெயர் பதிந்து வந்தவரே. பள்ளியில் உடன் பயின்ற பிள்ளைகளிடம் அதனை நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் ஆயிரஞ் சொற்கள் கற்றேன். அவற்றுள் ஒன்றை மறைப்பதற்கே மற்றவையனைத்தையும் கற்றேன் போலும்!

அச்சொல்லின் பிறப்பைக் குறித்து அறிஞர் இரு கருத்துடையர். தமிழ்க் 'கூலி'யே ஆங்கிலத்திற் புகுந்தது என்பார் ஒரு சாரார். குஜராத்துப் பக்கத்துக் 'கோலி' என்னும் குலப்பெயரே என்பார் மற்றொரு சாரார். எவ்வாறாயினும் தமிழிற் கூலி என்பது செய்த வேலைக்கு உரிய ஊதியம். இழிவு அதில் எள்ளளவுமில்லை. மெய்வருந்தி முயல்வோன் பெறும் பயனை 619ஆம் குறளில் வள்ளுவர் அச்சொல்லாலேயே குறித்தார். தமிழில் இரண்டே எழுத்துடைய அச்சொல், ஆங்கிலத்தில் ஆறெழுத்தாய் நீண்டபோது, பெறவேண்டிய பொருளின் பெயர் பெறுவோன்மேல் ஒட்டிக்கொண்டது. ஊதியமோ குறைந்தே நின்றது. மலாயாவுக்கு ஒப்பந்தத்தின் பேரில் ஆள் பிடிக்கும் முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழி ஆள் சேர்ப்பும் 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு நின்றது. பெயர் மட்டும் நெடுநாள் நிற்கவில்லையா?

இன்னோர் ஆறெழுத்துச் சொல்லும் உண்டு. பறையர் என்னும் நம் மக்களின் பெயர், 'பரையா' என்று ஆங்கிலத்திற் புகுந்து, விலக்கப்பட்டோன் எவனையும் சுட்டும் பொதுச்சொல்லாயிற்று. இந்நாட்டுப் பாடநூலாக வைக்கப்பட்ட 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவலில் அச்சொல் வந்தது குறித்து 2011இல் நம்மவர் கிளர்ந்தெழுந்தனர்; ஆண்டு முடிவில் அந்நூலை விலக்க அரசு தீர்மானித்தது. கிளர்ச்சி நியாயமே. ஆயினும் அச்சொல்லில் இகழ்ச்சியை முதலில் ஏற்றியவர் யார்? வெள்ளையன் சொல்லைக் கடன் வாங்கினான். அதனோடிருந்த இகழ்ச்சி நாம் கட்டிக் கொடுத்த மூட்டையன்றோ? நூலை விலக்கச் சொன்ன வாய், திருமணப் பேச்சில் இன்றும் குலம் விசாரிக்கிறதே!

என் பெயரும் தப்பவில்லை. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் எழுத்தர்க்குரிய சொல்லாகக் 'கிரானி' இடம்பெற்றுள்ளது. அதுவும் ஆறெழுத்தே! அதே எழுத்துக்களுக்கு ஆங்கிலத்திற் சுவரின் சிறு வெடிப்பு என்னும் பொருளும் உண்டு. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே உள்ள வெடிப்பில் ஒளிந்து வாழ்ந்தவனுக்குப் பொருத்தமான பெயர்தான்.

மறுநாள் மாலை அக்குழந்தையை அழைத்து, அலமாரியைத் திறந்து, பேரேட்டை மேசைமேல் விரித்தேன். தாயாரும் உடன் வந்தார். பெயர்களை ஒவ்வொன்றாய்ப் படித்தோம். அவர்தம் பாட்டனாரென்று கொள்ளத்தக்க பெயர் இரண்டிடத்தில் இருந்தது. எது அவருடையதென்று துணிய இயலவில்லை. அம்மையார் இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கட்டத்தில் 'எல்' போடலாமா, ஐயா?" என்றாள் சிறுமி.

"போடு. இது உழைத்தவனுக்கு உரிய ஊதியத்தின் பெயர். அறியாதார் அதனை ஆளுக்கு இட்டனர் என்று கீழே எழுது. ஆசிரியர் தவறென்றால் என்னிடம் அனுப்பு" என்றேன்.

அன்பர்களே! நம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கட்டும், நன்றாகக் கற்கட்டும். ஆனால், அவர்கள் வினவும் சொல்லை அழிக்கச் சொல்லாதீர்கள். அழிக்க வேண்டுவது எழுத்தையன்று. அதன்மேற் படிந்த அழுக்கையே.