கண்ணாடித் தொட்டியில் ஒரு சிற்றோடை

வண்ணத்துக்கு இரண்டாக ஐந்து வகை மீன் வேண்டுமென்று மகள் அடம்பிடித்தாள். நான் இசையவில்லை. கூட்டமாக வாழும் மீனுக்குத் துணை குறைந்தால் அது இலைமறைவில் ஒடுங்கிவிடும், நிறமும் மங்கும். ஆதலால் இரண்டரை அடித் தொட்டிக்கு ஒரே இனத்தில் பத்தென முடிவு செய்தோம்: ஆண் மூன்று, பெண் ஏழு.

தெரிந்தெடுத்தது செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்கிலே மரநிழல் படிந்த சிற்றோடைகளுக்கே உரிய இச்சிறு மீனை 1929ஆம் ஆண்டில் பி. இ. பி. தெரணியகல அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதே ஈரவலயத்து ஓடைகளில் வளரும் கிரிப்டோகொரைன் செடியை மணலில் நட்டோம். சில நாளில் இலைகள் அழுகிக் கரைந்தன. இச்செடியின் இயல்பு அது. வேரைப் பிடுங்காதிருந்தோம்; துளிர்த்தது. மூன்று வாரத்தின் பின்பே மீன் விட்டோம். ஓடையிற் பிடித்தவை வேண்டாம், பண்ணையில் பெருக்கியவையே வேண்டுமெனக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினோம். காட்டோடைகளில் இம்மீன் அருகிவருகிறது.