கடல் கடந்து படிக்க ஒரு விண்ணப்பம்



நம் சபைகளில் வெளிநாடு என்ற பேச்சு எழுந்தால், பெரும்பாலும் இரண்டு வழிகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, வளைகுடா நாடுகளில் வேலை. மற்றொன்று, வீட்டையோ நகையையோ அடகு வைத்துப் பிள்ளைகளை அனுப்பும் கல்விக் கடன். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. தகுதியுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, படிப்புச் செலவை ஓர் அரசே ஏற்றுக்கொள்ளும் உதவித்தொகை அது. மும்பையில் வாடகை வீட்டில் வாழும் எளிய குடும்பத்துப் பெண்ணாகிய நான், அந்த வழியில் சென்று திரும்பியவள். ஆகையால் அதைக் குறித்து உங்களுக்கு எழுதத் துணிகிறேன்.

என் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடி இந்நகரத்துக்கு வந்தவர்கள். நான் சமூகப் பணியில் பட்டம் பெற்று, காசநோயாளிகளைக் கவனிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் பணி செய்தேன். அந்நாட்களில் நோயாளிகள் வாரத்துக்கு மூன்று நாள், ஒருவர் பார்த்திருக்க மருந்தை விழுங்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றுவிடும். தினக்கூலிக்குப் போகிறவர் மையத்துக்கு வருவதையும் நிறுத்திவிடுவார். அவர்களில் சிலர் பின்னர் மருந்துக்கு அடங்காத நோயோடு திரும்பி வந்தார்கள். ஏன் வரவில்லை என்று வீடுவீடாகச் சென்று கேட்டு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் என்னிடம் சேர்ந்துகொண்டே இருந்தன. அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைக் கற்றுத்தரும் படிப்பு பொதுச் சுகாதாரம் என்று எங்கள் மருத்துவர் ஒருவர் சொன்னார்.

நம் அரசாங்கத்தில் இதற்கு உதவி இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதால், அப்பிரிவுக்குரிய இடங்கள் கிறிஸ்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. பழங்குடியினருக்கு இந்தத் தடை இல்லை. அவர்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. சிறுபான்மையினரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் வழங்கிய ‘படோ பர்தேஷ்’ திட்டம் 2013-14இல் தொடங்கி, 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இவற்றையெல்லாம் அறிந்துகொண்டால் பொய்யான நம்பிக்கையில் காலத்தைக் கழிக்க மாட்டோம்.

நான் 2015ஆம் ஆண்டு விண்ணப்பித்தது ‘செவனிங்’ உதவித்தொகைக்கு. பிரிட்டன் அரசு 1983இல் தொடங்கிய திட்டம் இது. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கான கல்விக் கட்டணம், மாதப்படி, விமானச் செலவு ஆகியவற்றை அவர்களே தருகிறார்கள். வயது வரம்பு இல்லை. ஆனால் இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது. இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் உங்களிடம் பணம் கேட்டால், அவர் நம் மொழி பேசுகிறவராக இருந்தாலும், நம் சபைக்கு வருகிறவராகவே இருந்தாலும், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் நான்கு கட்டுரைகள் எழுத வேண்டியிருந்தது: தலைமைப் பண்பு, பிறரோடு இணைந்து செயல்படும் திறன், பிரிட்டனில் ஏன் படிக்க வேண்டும், திரும்பி வந்து என்ன செய்வீர்கள். தலைமை என்றவுடன் நம் பெண்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு எண்பது பிள்ளைகளைச் சேர்த்து, பதினைந்து ஆசிரியைகளைப் பழக்கி, பத்து நாள் உணவுக்கும் கணக்கு வைத்த சகோதரி ஒருத்தி நம் சபைகளில் இல்லையா? அது தலைமைதான். "ஊழியத்தில் ஈடுபாடு உண்டு" என்று பொதுவாக எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை பேர், எத்தனை நாள், என்ன இடையூறு, அதை எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதினால் விளங்கும். நானும் என் நோட்டுப் புத்தகங்களிலிருந்து அப்படித்தான் எழுதினேன்.

இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். போதகரிடம் கேட்பதே நம் வழக்கம். அவர் நம் நன்னடத்தையை அறிவார். ஆனால் தேர்வு செய்கிறவர்கள் அறிய விரும்புவது நம் படிப்பையும் வேலையையும். ஆகவே உங்களுக்குப் பாடம் கற்பித்த பேராசிரியரையோ, உங்கள் பணியை மேற்பார்வை செய்தவரையோ பல வாரங்களுக்கு முன்னரே அணுகுங்கள்.

பெயர் விஷயம் நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய தொல்லை. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் விரிந்து வேறொரு பெயர், ஆதாரில் கணவர் பெயர் சேர்ந்து மூன்றாவது பெயர் என்று நமக்கு இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே விண்ணப்பத்திலும், பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலத் தேர்விலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். வேறுபாடு இருந்தால் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாலிபப் பிள்ளைகளின் சான்றிதழ்களை இப்போதே எடுத்துப் பார்ப்பது நல்லது.

தாள்களைச் சேர்ப்பதைவிடக் கடினமானது வீட்டில் முடிவெடுப்பது. அப்பொழுது எங்கள் மகனுக்கு நான்கு வயது. என் சம்பளம் குடும்ப வருமானத்தில் ஏறக்குறையப் பாதி. உதவித்தொகை எனக்கு மட்டுமே. குடும்பத்துக்கென்று அதில் ஒன்றும் இல்லை. "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஒரு தாய் படிக்கப் போவதா?" என்று நெருங்கியவர்களே கேட்டார்கள். "தகப்பன் துபாய்க்குப் போனபோது ஒருவரும் இப்படிக் கேட்கவில்லையே" என்றார் என் கணவர். என் மாமியார் ஊரிலிருந்து வந்து, "ஒரு வருஷம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா" என்று சொன்ன பிறகே நான் துணிந்தேன்.

நேர்முகத் தேர்வு 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்பையிலேயே நடந்தது. "நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார்கள். செவனிங் பெற்றவர்கள் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி, குறைந்தது இரண்டாண்டுகள் தங்க வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையிலும் இதைப் போன்ற இரண்டாண்டு விதி உண்டு. குடியேறுவதற்கான வாசலாக இவற்றை எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் என் நோட்டுகளில் இருந்த கதைகளைச் சொன்னேன். அவற்றுக்கு விடை தேடித்தான் போகிறேன், அந்த விடை லண்டனில் ஒருவருக்கும் பயன்படாது என்றேன். ஜூன் மாதத்தில் தேர்வான செய்தி வந்தது. ஆறு மாதத்துக்கு மேல் பிரிட்டனில் தங்கப்போகும் இந்தியர்கள் விசாவுக்காகக் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எட்டு ஆண்டுகள் மற்றவர்களை எக்ஸ்ரேக்கு அனுப்பிய நான், அந்த வரிசையில் நின்றேன்.

செப்டம்பரில் புறப்பட்டேன். முதல் மாதம் முழுவதும் என் மகன் தொலைபேசியில் என்னோடு பேச மறுத்தான். அவன் முதன்முதலாகத் தன் பெயரை எழுதியதையும், அம்மை போட்டுப் படுத்திருந்ததையும் நான் பார்க்கவில்லை. இந்த இழப்பை ஒரு பட்டம் ஈடுசெய்யும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். போகிறவர்கள் இதையும் கணக்கில் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

2017இல் திரும்பினேன். வாரம் மும்முறை மருந்து என்ற முறை நீங்கி, தினந்தோறும் மருந்து என்ற முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டில்தான். எங்கள் நிறுவனத்தில், கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக அதிகாலையிலும் இரவிலும் மையத்தைத் திறந்து வைக்கும் திட்டத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். பாதியில் நின்றுபோகிறவர்கள் குறைந்தார்கள். படித்த படிப்பின் பலனாக நான் காட்டக்கூடியது இதுவே.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் இரண்டு மூன்று ஆண்டுகளாக ஒரே பணியை உண்மையாய்ச் செய்துவரும் மகனோ மகளோ மருமகளோ இருந்தால், இந்த வழியை அவர்களுக்குச் சொல்லுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ளதை மட்டுமே நம்புங்கள். செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து, அக்டோபர் அல்லது நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள்: பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிபார்த்தல், பரிந்துரைக்கும் இருவரைக் கண்டுபிடித்தல், இதுவரை செய்த வேலையை எண்ணிக்கையோடு ஒரு நோட்டில் எழுதுதல். கிடைக்காமல் போனாலும் அந்த நோட்டு வீணாகாது. தான் செய்த வேலையின் மதிப்பை அவர்களே முதன்முறையாக அதில் காண்பார்கள்.