வாரண்ட் தானாகச் சாகாது

திங்கள்

மாலையில் நரசிங்கத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். மகன் லோடு ஆட்டோ ஓட்டியவன். விபத்து வழக்கொன்றில் ஜாமீனில் இருக்கிறான். பிழைப்புக்காகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அம்மா பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வாய்தா வந்திருக்கிறது. அவன் கோர்ட்டுக்குப் போகவில்லை. பிடிவாரண்ட் போட்டுவிட்டார்கள். நேற்று ஏட்டையா வீட்டில் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"ஐயா, ஹைகோர்ட்டு பக்கத்துலதான இருக்கு. அங்க முன்ஜாமீன் வாங்கிரலாம்னு டீக்கடையில சொல்றாக."

2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இங்கே திறக்கப்பட்டதிலிருந்து ஒத்தக்கடைக்காரர்களுக்கு எதற்கும் அந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பிடிவாரண்டை எந்தக் கோர்ட் போட்டதோ, அதே கோர்ட்டில் போய் ரத்து செய்வதுதான் நேர்வழி. மேலே போனாலும், மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி மனுப் போடச் சொல்லித்தான் பெரும்பாலும் உத்தரவு வரும்.

செவ்வாய்

மகன் போனில் பேசினான். "சார், கொஞ்ச நாள் இங்கனயே இருந்துட்டா மறந்துருவாங்கள்ல?"

மறக்க மாட்டார்கள், தம்பி. பிடிவாரண்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. நிறைவேற்றப்படும்வரை, அல்லது கோர்ட்டே ரத்து செய்யும்வரை அது உயிரோடு இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70(2) பிரிவு இதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் 72(2) பிரிவில் அதையே சொல்கிறது. தலைமறைவானால் அடுத்து பிரகடனம், அதன்பின் சொத்து ஜப்தி. ஜாமீனில் வந்தவர் தக்க காரணமில்லாமல் ஆஜராகாமல் இருப்பது தனிக் குற்றமும்கூட. ஓராண்டு வரை சிறை உண்டு. கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரருக்கும் நோட்டீஸ் போகும். அவர் இவனுடைய தாய்மாமன்.

வாய்தா அன்றைக்கே வக்கீல் மூலம் 'முன்னூத்திப் பதினேழு' மனு ஒன்று போட்டிருந்தால் வராததைக் கோர்ட் மன்னித்திருக்கக்கூடும். பழைய சட்டத்தின் அந்த 317ஆம் பிரிவு புதிய சட்டத்தில் 355ஆம் பிரிவு. கோர்ட் வராந்தாவில் இன்னமும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

இரவே பஸ் ஏறச் சொன்னேன். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வைக்க அம்மாவிடம் சொன்னேன்.

புதன்

வாரண்டை ரத்து செய்யக் கோரும் ரீகால் மனுவைக் காலையிலேயே தாக்கல் செய்தோம். மகன் மாட்டுத்தாவணியில் இறங்கி நேராக வந்திருந்தான். டவாலி அவன் பெயரை உரக்கக் கூப்பிட்டார். கூண்டருகே போய்க் கைகட்டி நின்றான். ஏன் வரவில்லை என்று மாஜிஸ்திரேட் கேட்டார். டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த தேதியையும் வாய்தாத் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இனி தவறாமல் வரவேண்டும் என்று எச்சரித்து வாரண்டை ரத்து செய்தார்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. மனு தள்ளுபடியாகி ரிமாண்டுக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் தானாக வந்து நிற்பவனையும் போலீஸ் இழுத்து வருகிறவனையும் கோர்ட் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஆளை வரவழைக்கத்தான் வாரண்ட். வந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் பிடிவாரண்டை எடுத்த எடுப்பில் போடக் கூடாது என்று இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த நோக்கத்தை மனதில் வைத்துத்தான்.

வியாழன்

ரத்து உத்தரவின் நகலை ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கச் சொன்னேன். "அதான் முடிஞ்சுருச்சே சார்" என்றான். மும்பை வழக்கறிஞர் ரகுவன்ஷ் பாசின் கதையைச் சொன்னேன். அவர் மீதான வாரண்ட் ரத்தான பிறகும் 2002 சுதந்திர தினத்தன்று போலீஸ் அவரைக் கைது செய்தது. அந்த வழக்கில்தான் 2011இல் உச்ச நீதிமன்றம், பிடிவாரண்டுகளுக்குக் கோர்ட்டுகள் தனிப் பதிவேடு வைக்க வேண்டும், ரத்தானதை அதில் குறிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. சட்டம் தெரிந்த வக்கீலுக்கே அந்தக் கதி என்றால், கூலிக்குப் போகிறவன் அந்த நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

அவன் போனில் இ-கோர்ட்ஸ் செயலியை ஏற்றி, வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாய்தா அதில் தெரியும்.

இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது வாரண்ட் நிலுவையில் இருந்தால் ஓடாதீர்கள், ஒளியாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். நாளைக்கே கோர்ட்டுக்குப் போய் நில்லுங்கள்.